மூன்று பொத்தல் குடம்

நான் வரைந்ததிலேயே அழகான படம் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தது. வெளியே சொல்லப் பிடிக்கவில்லைதான். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், பிறகு நடந்த நல்லதையும் சொல்ல முடியாமல் போய்விடும்.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் குவாட்டர்ஸில் குடியிருந்தேன். சரக்குப் பெட்டிகளுக்கு எண் எழுதுவது என் வேலை. எண்ணின் வடிவம் வெட்டிய தகட்டைப் பெட்டியின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் வெள்ளைச் சாயத்தைக் குத்திக் குத்தி ஏற்ற வேண்டும். இதற்கு ஒரு குரங்கைப் பழக்கினால் போதும் என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். அந்த வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்ளத்தான் ஓய்வு நேரத்தில் சாமி படம் வரையத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் பிரிக்ஃபீல்ட்ஸில் பாதி வீட்டுச் சுவரில் என் முருகன் நின்றார். அந்த முருகனுக்கு என் மூக்கு என்று என் அக்கா கேலி செய்வாள். அவள் சொன்னதில் உண்மை உண்டு. என்னிடம் இருந்த கண்ணாடியில் எனக்குத் தெரிந்த மூக்கு அது ஒன்றுதான்.

அக்கா கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டினாள். பால் வடிவதற்காகப் பட்டையைச் சீவும் வேலையைத்தான் அப்படிச் சொல்வோம். அவள் புருஷன் காய்ச்சலில் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஒரு செவலைப் பசு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு எங்கள் தெருவில் அவள் போட்ட கோலத்தை நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தாலி இறங்கிய நாளிலிருந்து அவள் மாவைத் தொடவில்லை. தொட விடவில்லை என்பதுதான் சரி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த நல்ல காரியம் என்றாலும், எச்சில் இலை எடுக்கும் நேரத்தில்தான் அவளைத் தேடுவார்கள். இதைப் பற்றி நான் கொதித்தால், "உனக்கு ஏண்டா மூக்கு செவக்குது, முருகா?" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். லாலான் புல்லை வெட்ட ஆள் போதாமல், அதை எரிக்க ஒரு மருந்தை இறக்கினார்கள். மருந்து என்றுதான் எல்லாரும் சொன்னோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் எங்களுக்கு மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. அது அடித்த புல்லில் உப்புக் கரிக்குமாம். அக்காவின் பசு அதைத் தேடிப்போய் நக்கியது. பொழுது சாய்வதற்குள் செத்தது. நான் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வெறும் தொழுவத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"மாடு போனாப் போவுது. அந்த டின்னுல தண்ணி மொண்டு வாசல்ல வைக்கிறாளுங்கடா இவளுங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மருந்து வந்த டின்கள் அவ்வளவு நேர்த்தியாக இருந்தன. ஒழுகாது, துருப்பிடிக்காது, மூடி இறுக்கமாக இருக்கும். ஒரு பானை உடைந்தால் கிள்ளான் பாசாருக்கு நடக்க வேண்டிய பெண்களுக்கு அது கிடைத்தற்கரிய பாத்திரம். டின்னில் மண்டையோடும் இரண்டு எலும்பும் அச்சடித்திருந்தது உண்மைதான். ஆனால் மண்டையோட்டை எங்கள் ஜனங்கள் காளியின் கழுத்தில் பார்த்துப் பழகியவர்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றினார்கள்.

தோட்டத்துக் கணக்குகளைப் பார்த்த கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். டின்னைத் தொடாதே என்று லயம் லயமாகப் போய்க் கத்தித் தொண்டை கட்டியவர். அக்காவின் சுவரில் என் முருகனைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, நீர் நல்ல வடிவாய்க் கீறுவீர் போல கிடக்கு. இந்த டின்னுகளிலை ஒரு படம் கீறித் தாரும். பார்த்த உடனை இது நஞ்செண்டு சனத்துக்கு விளங்கவேணும்."

எங்கள் பேச்சில் கீறுவது என்றால் கத்தியால் கிழிப்பது. மரத்தைக் கீறுவோம், கையைக் கீறிக்கொள்வோம். "டின்னைக் கீறினா ஒழுகிடுமேங்கய்யா" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் ஊரில் வரைவதற்குப் பெயர் கீறுவதாம்.

ஒரு வாரம் யோசித்தேன். நஞ்சு என்றால் நம் ஆட்களுக்கு எது ஞாபகம் வரும்? ஆலகாலம் வரும், அதைக் குடித்த சிவன் வருவார், நீலம் பாரித்த கண்டம் வரும். இதைவிட எளிதாக யாரால் சொல்ல முடியும் என்று எனக்கே கர்வம் தாங்கவில்லை. உடம்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, பாம்புக்கும் பிறைக்கும் ஒன்று என்று மூன்று தகடுகள் வெட்டினேன். எண் எழுதும் தகட்டில் இப்படி ஒரு வேலையைப் பிரிக்ஃபீல்ட்ஸில் எவனும் செய்ததில்லை. இரண்டு ஞாயிறுகளில் ஸ்டோரில் இருந்த அத்தனை டின்னிலும் மண்டையோட்டின் மேல் நீலகண்டர் எழுந்தருளினார். மேஸ்திரி மட்டும் அதைப் பார்த்திருந்தால் குரங்குப் பேச்சை அன்றோடு விட்டிருப்பார்.

அடுத்த முறை நான் தோட்டத்துக்குப் போனபோது லயத்தில் சாம்பிராணி மணத்தது. அக்காவுக்கு எதிர்வீட்டில் ஒரு தம்பதியும் நாலு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். அவர்கள் வீட்டு மாடத்தில் என் டின் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதற்குத் திருநீற்றுப் பட்டை, செம்பருத்திப் பூ. காலி டின்னைக் கழுவி, சாமி டின் என்று உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு அதில் ஒரு மிடறு தீர்த்தம். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டபோதுதான், குழந்தை முதல் நாளே குடித்துவிட்டது என்று தெரிந்தது. வாந்தி நிற்காமல், அன்று காலையில்தான் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் தூக்கிப் போயிருந்தார்கள்.

அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"மண்டையோடு இருந்தப்பவாச்சும் டின்னு வெளிய கெடந்துச்சு. நீ வரஞ்ச சாமிதாண்டா அத வீட்டுக்குள்ள கூட்டியாந்துச்சு. போ, அந்தப் புள்ள பொழச்சு வர வரைக்கும் என் மொகத்துல முழிக்காத."

நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பவில்லை. கிள்ளான் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பி இரண்டு நாள் லீவு சொன்னேன். குழந்தையின் அம்மா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்கு நான் சாமி படம் போட்டவன் என்ற மரியாதை இன்னும் போகவில்லை. "அண்ணே, நீங்க சாமிகிட்ட கேளுங்கண்ணே" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்றாம் நாள் குழந்தை கஞ்சி கேட்டது. நான் வராந்தாவிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். அந்தக் குழந்தை எழுந்து உட்கார்ந்ததைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

ஆனால் தோட்டத்தில் டின்கள் இருந்தன, இன்னும் வரவும் போகின்றன. லயம் முழுக்கக் குழந்தைகள். என் நீலகண்டர்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து அழித்தேன். அக்கா பேசாமல் கூட நின்று தேய்த்தாள். கடைசி டின் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"தொட்டா தலமுழுவணும்னு இருக்குற பொருளா இருந்தா, எவளாச்சும் வீட்டுக்குள்ள கொண்டாருவாளா?"

அந்த நிமிஷம் என் முதுகில் சில்லென்று தண்ணீர் ஓடியது போல இருந்தது. அக்கா புருஷன் செத்தபோது பங்காளி என்று கடலுக்கு இக்கரையில் யாரும் இல்லாததால், கொள்ளிக்குடத்தை நான்தான் தோளில் சுமந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் கத்தி முனையால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவார். மூன்று சுற்று, மூன்று பொத்தல். மூன்று தாரையாகத் தண்ணீர் என் முதுகில் வழிந்தது. அந்தக் குடம் வீட்டுக்குத் திரும்பாது. அதைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை.

"கொள்ளிக்குடம்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

கிராணியாரிடம் போனேன். வரைவதற்குப் பதில் நிஜமாகவே டின்னில் மூன்று பொத்தல் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்லிப் பார்த்தேன். காலி டின்கள் கப்பலில் திரும்பிப் போக வேண்டும், ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பது தோட்டத் துரையின் உத்தரவாம். "கத்தியாலை கீறக்கூடாது தம்பி, தூரிகையாலை கீறும்" என்றார். என்ன படம் என்று நான் சொன்னதும் கொஞ்சம் வெளிறிப் போனார். "சாவு வீட்டுக் குடத்தையோ? என்ரை ஸ்டோர் வாசலிலையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

தகடு வெட்டினேன். ஒரு குடம், மூன்று பொத்தல், மூன்று தாரை. ஆனால் நான் ஞாயிறு மட்டும் வந்து போகிறவன். டின்களோ வாரத்தில் எந்த நாளும் வரும், இறங்கிய அன்றே வரைய வேண்டும். லயத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். படத்தைக் கண்டதும் ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி என் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றினாள்.

"தாலி கட்டுனவ தொடுற படமாய்யா இது? ஒங்க ஊட்டு வாசல்ல போய் வரைங்க" என்றாள் இன்னொருத்தி.

கூட்டம் கலையப் பார்த்தது. அப்போது பின்னால் நின்ற அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குத்தான் கெட்டுப்போக ஒண்ணும் மிச்சமில்லையே. குடுறா அந்த பிரஷ்ஷ."

அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் புருஷனை இழந்தவர்கள். நல்ல காரியங்களில் சுவரோரம் நிற்கும் நால்வரும் ஸ்டோர் வாசலின் நடுவில் உட்கார்ந்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனால் என் தகட்டைப் பிடித்து ஒரு டின்னில் சாயம் குத்திவிட்டு அக்கா சொன்னதைக் கேட்டதும் அந்த விம்மல் இறங்கிவிட்டது.

"என்னடா இது, தண்ணி நின்னு நின்னு ஓடுது?"

தகட்டு வேலை அப்படித்தான். நீளமாக வெட்டினால் தகடு தொங்கிவிடும், அதனால் நடுநடுவே வெட்டாமல் பாலம் விட வேண்டும். பெட்டி எண்களிலும் அந்த இடைவெளி இருக்கும். இதை நான் தொழில் முறையில் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. தகட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிரஷ்ஷையும் கீழே போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்தாள். குடத்தின் விளிம்பில் தொடங்கிய கோடு வயிற்றைச் சுற்றி, பொத்தலில் சுழித்து, தாரையாக இறங்கித் திரும்பி, எடுக்காமலே தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது. ஆறு வருஷம் மாவைத் தொடாத விரல் அது. எங்கும் தயங்கவில்லை.

தண்ணீர் ஓடியது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. நான் தகடு வெட்டிக் கொண்டுவர முடியாததை அவள் ஒரே கோட்டில் கொண்டுவந்தாள். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொறாமை அரை மணி நேரத்தில் போய்விட்டது.

அன்றைக்கு அந்த நால்வரும் அடித்த கும்மாளத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. "என் மாமனார் கொடத்துல நாலு பொத்தலுடி, ஆளு தண்டி" என்று ஒருத்தி சொல்ல, சாயம் தரையெல்லாம் சிந்தும்படி சிரித்தார்கள். பிற்பகலுக்குள் ஸ்டோரில் குடம் இல்லாத டின் இல்லை. அதற்குப் பிறகு வண்டி வந்து டின் இறங்கிய ஒவ்வொரு நாளும், மரம் வெட்டி முடித்த கையோடு அவர்கள் போய் உட்கார்ந்தார்கள். என் தகட்டை அக்கா தோசைக்கல் மூடியாக வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் எனக்குப் பயம்தான். ஒரு தடவை என் கெட்டிக்காரத்தனத்தை நம்பிச் சூடுபட்டவன் நான். படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சரி. பாத்திரம் இல்லாமல் திண்டாடும்போதும் சுளிப்பார்களா?

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. லயத்துக் கிணறு சேறாகிவிட்டது. துரை தண்ணீர் வண்டி ஏற்பாடு செய்தார். காலையில் ஒரு தடவைதான் வரும், வந்த நேரத்தில் பிடித்துக்கொண்டால் உண்டு. நான் போன ஞாயிறு வண்டியைப் பார்த்தேன். பானை, சட்டி, அண்டா, ரப்பர் பால் வாளி, குழந்தை குளிக்கிற தொட்டி, ஓட்டைக்குத் துணி அடைத்த செம்பு, உரல்கூட வரிசையில் இருந்தது. ஒரு புண்ணியவான் தன் தொப்பியில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வரிசைக்குப் பத்தடி தள்ளி, ஸ்டோர் சுவரோரம் காலி டின்கள் மலையாகக் கிடந்தன. உள்ளே இடமில்லாததால் வெளியே போட்டிருந்தார்கள். காவல் இல்லை, கயிறு இல்லை. எல்லாம் நல்ல டின்கள், ஒன்றிலும் நிஜப் பொத்தல் கிடையாது. நான் ஓரமாக நின்று பார்த்தேன். தண்ணீர் கீழே சிந்தி ஓடுகிறது, பாத்திரம் போதாமல் பெண்கள் ஒருவரையொருவர் இடிக்கிறார்கள். ஒருவர் கண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. போன கண்ணும் உடனே திரும்பியது. வண்டி காலியாகும் வரை நின்று, பிறகு கிராணியாருடன் சேர்ந்து டின்களை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

"வரைஞ்ச பொத்தலுதானேங்கய்யா!" என்று நான் கத்தினேன். "வரைஞ்ச பொத்தலு வழியா அவ்வளவு ஆசையும் ஒழுகிப் போச்சுங்கய்யா!"

கிராணியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மூக்கு சிவந்திருந்தது. அவரும் டின்களை ஒரு குச்சியால்தான் தொட்டு எண்ணினார் என்பதை நான் கவனிக்காதது போல இருந்துவிட்டேன்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. என்னைத்தான் கேட்பார்கள் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். "கொடம் போடுற அக்காவ அனுப்புங்க" என்றான் வந்தவன். அக்கா மாட்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனாள். சாய டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கேயும் சுவரோரம் நின்ற பெண்களைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

மழை திரும்பிய பிறகு, எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த அதே குழந்தைதான். அன்று விடிந்ததும் நான் அக்கா வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். குழந்தையின் அம்மா ஒரு கிண்ணத்தோடு தெருவைக் கடந்து வந்தாள். கிண்ணத்தில் அரைத்த அரிசி மாவு இருந்தது.

"அக்கா, என் வாசல்ல நீங்க ஒரு கோலம் போடணும்."

அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "காதுகுத்து ஊட்டுல அவ கையால போடக்கூடாதுடி."

அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அந்தத் தண்ணிப் பஞ்சத்துலயும் எம்புள்ள உசுரோட நிக்குது. எந்தக் கை நல்ல கைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அக்கா கிண்ணத்தை வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். விரலிடுக்கில் டின் சாயம் கறுப்பாக ஒட்டியிருந்தது. "போக்கா" என்றேன் நான், வாயில் கரித்தூளோடு. அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

புள்ளி வைக்கத் தொடங்கியபோது லயத்தில் எல்லாக் கதவும் திறந்திருந்தன. சுவரோரப் பெண்கள் மூவரும் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கோலம் வாசலைத் தாண்டி, சாக்கடை ஓரம் வரை விரிந்தது. கிராணியார் அந்த வழியாக வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "என்ன வடிவாய்க் கீறியிருக்கிறா" என்றார். அவர் கீறு என்று சொன்னதற்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

புதுப் பாவாடை கட்டிய குழந்தை வெளியே வந்து, படியிலேயே நின்றுவிட்டது. கால் வைக்க இடமில்லாமல் கோலம் கிடந்தது. ஒரு காலைத் தூக்கியபடி அக்காவைப் பார்த்தது.

அக்கா மாவுக் கையை நீட்டினாள். "மிதிச்சுக்கிட்டு வாடி தங்கம்" என்றாள். "அழிஞ்சா நாளைக்கும் நான்தான் போடப்போறேன்."